உப்பங்கரை நினைத்துக்கொண்ட பிள்ளை

உப்பங்கரையில் சுகந்தியின் வயிற்றுக்குள் இருந்த பிள்ளை முதன்முதலாக இருமியது, தண்ணீர் லாரி வந்து நிற்கிற காலை நேரத்தில். தெருவே குடமும் கையுமாக நின்றிருந்ததால் சாட்சிக்குக் குறைவில்லை. சுகந்தி தன் பச்சைக் குடத்தை இடுப்பில் ஏற்றக் குனிந்தாள். குனிந்த அந்த நேரத்தில், ஆறு மாத வயிற்றின் உள்ளேயிருந்து, மருந்து புகட்டும்போது கைக்குழந்தை இருமுமே அதுபோலச் சின்னதாக, வறண்டு, இரண்டு இருமல் கேட்டது. லாரி டிரைவருக்கும் கேட்டது. அவர் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். யாரும் குடத்தைக் கீழே போடவில்லை, யாரும் அலறவில்லை. உப்பங்கரையில் இருமாதவர் யார் இருக்கிறார்கள்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரேயரில் நின்றபடி இருமுவார்கள், கோயில் பூசாரி மந்திரத்துக்கு நடுவே இருமுவார், தெருநாய்கூடக் குரைக்கப்போய் இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். இந்தப் பிள்ளைக்குப் பிறக்கிறவரைக்கும் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

வரிசையில் அடுத்து நின்றவள் ஸ்டெல்லா. கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கிறவள், சுகந்தியின் பக்கத்து வீடு. புரையேறினால் உச்சந்தலையில் தட்டுவதுதான் வழக்கம். தலை உள்ளே எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரியாததால் அவள் வயிற்றின் மேலேயே செல்லமாக இரண்டு தட்டு தட்டினாள்.

"யாரோ புள்ளைய நெனைச்சுக்கிறாங்கடி. பொறை ஏறுது பாரு," என்றாள்.

"யாரோ இன்னா யாரோ, பவர் அவுஸ்ல நின்னுக்கினு அப்பங்காரன்தான் நெனைப்பான்," என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. வரிசை முழுக்கச் சிரித்தது.

எல்லாரும் சிரித்ததால் சுகந்தியும் சிரித்தாள். நினைப்பதால்தான் பிள்ளைக்குப் புரையேறும் என்றால், பொழுதெல்லாம் அதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டியவள் அவள்தான். அவளோ அதை ஒரு தடவைகூட ஆசையாக நினைத்ததில்லை. அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

உப்பங்கரைக்கு ஒரு பக்கம் கழிமுகம், ஒரு பக்கம் கடல், மிச்சமிருக்கிற பக்கத்தில் கரியை எரித்துக் கரண்ட் எடுக்கிற மின்நிலையம். அதன் மூன்று புகைபோக்கிகளுக்கும் ஊர்க்காரர்கள் பெயர் வைத்திருந்தார்கள்: பெரியவன், நடுவுலவன், சின்னவன். உதவாக்கரை மைத்துனர்களைச் சகித்துக்கொள்வதுபோல அந்த மூவரையும் சகித்துக்கொண்டார்கள். "இன்னிக்கி சின்னவன் மூடு சரியில்ல" என்று ஒரு வீட்டில் குரல் கேட்டால் தெரு முழுக்கக் கொடியிலிருந்து துணி உள்ளே போகும், மாவுப் பாத்திரத்துக்கு மூடி விழும், மொட்டைமாடியில் காயும் கருவாட்டுக்குத் தார்ப்பாய் போர்த்தப்படும். ஸ்கூட்டர் சீட்டில் படிந்த சாம்பலில் பிள்ளைகள் விரலால் தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். அதைப் புகை என்று யாரும் சொல்வதில்லை. காற்று என்றுதான் சொன்னார்கள். காற்று என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பிறந்ததிலிருந்து நம்புகிறவர்களிடம் வேறு பெயரை எங்கே போய்க் கேட்பது?

சுகந்தி அங்கே பிறந்தவள் இல்லை. போளூர்ப் பக்கம், மலையடிவாரத்தில் நிலக்கடலை போடுகிற ஊர் அவளுடையது. அப்பா அம்மா போன பிறகு அண்ணன் வேடியப்பன்தான் வளர்த்து, ஏழுமலைக்குக் கட்டிக்கொடுத்தான். வந்த புதிதில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள்; பார்க்கிறவர்கள் ராங்கிக்காரி என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டாள்.

மசக்கை தெளிந்த பிறகுதான் அது வந்தது. சோகம் என்று சொன்னால் காரணம் கேட்பார்கள். அவளிடம் காரணம் இல்லை. ஏழுமலை குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, வெள்ளிக்கிழமையானால் மல்லிகைப்பூவை மறக்காதவன். மாமியார் கன்னியம்மாவுக்கு வாய்தான் பெரிசு, மனசு வெள்ளை. இத்தனை இருந்தும் காலையில் கண்ணைத் திறந்தால் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று தேட வேண்டியிருந்தது, சாதம் மண்ணாக இருந்தது, ஏதோ வேலைக்கு நடுவே சும்மா நின்றுகொண்டிருப்பாள், கண்ணில் தண்ணீர் இறங்கியிருப்பது பிறகுதான் தெரியும். பிள்ளை உதைக்கும்போது, தெருவில் வேறு யார் வீட்டுக் கதவையோ யாரோ தட்டுவதுபோல இருந்தது. எழுந்து போய்த் திறக்க வேண்டியவள் தான்தான் என்று தோன்றவில்லை. சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா எடை பார்த்துவிட்டு, "மனச மட்டும் சந்தோஷமா வெச்சுக்கோம்மா, நீ வாடுனா புள்ளையும் வாடும்," என்றார். இரும்புச்சத்து மாத்திரைக்குத் தலையாட்டியதுபோலவே அதற்கும் தலையாட்டினாள். மாத்திரையையாவது கையில் கொடுத்தார்கள்.

ஒன்றை மட்டும் அவள் கவனித்திருந்தாள். கடல்பக்கமிருந்து காற்று வீசுகிற நாளில் நெஞ்சு கொஞ்சம் இளகும். பாத்திரம் தேய்க்கும்போது அவளை அறியாமல் ஏதாவது முணுமுணுப்பாள். காற்று திரும்பி அந்த மூன்று பேர் பக்கமிருந்து வந்தால், ஈரச்சாக்கைத் தூக்கிப் போட்டதுபோல அந்தக் கனம் திரும்ப வந்து உட்காரும். காற்று போய் மனசைத் தொடுமா என்று யாரிடம் கேட்பது? தன் மனசுதான் மட்டம் என்று முடிவுகட்டிக்கொண்டாள்.

பிள்ளை இருமுகிற சேதி அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. ஏழுமலை கரி போகிற பெல்ட்டில் வேலை பார்க்கிறவன். சிதறுகிற கரியை வாரி மறுபடி பெல்ட்டில் போட வேண்டும். வீட்டுக்கு வந்தபோது முகத்தில் பல்லும் கண்ணும் மட்டும்தான் வெள்ளையாக இருந்தன.

"காலைல லாரி வந்தப்போவா இருமுச்சு?" என்றான் வாசலிலேயே நின்று. "அப்பதான் சுகந்தி நான் நெனைச்சேன்! பொண்ணா இருந்தா ரெட்ட ஜடை போடணும்னு நெனைச்சேன். கேட்டுச்சு பார்த்தியா அதுக்கு!"

அந்தக் கறுத்த முகத்தில் அப்படியொரு சிரிப்பை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் தினமும் கேட்பான். டீ குடிக்கப் போனப்போ நினைச்சேன், இருமுச்சா? மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தப்போ? இருமியிருக்கும், காற்று மட்டும் ஒத்துழைத்தால் அது எந்நேரமும் இருமியது. அவனோடு வேலை செய்கிறவர்களும் நினைக்க ஆரம்பித்தார்கள். பிறகு டீக்கடைக்காரர் நினைத்தார், தையல்காரர் நினைத்தார், ஆட்டோ ஸ்டாண்டில் சவாரி இல்லாதவர்கள் எல்லாரும் நினைத்தார்கள். ஒரு இருமலுக்கு நான்கு பேர் உரிமை கொண்டாடிச் சண்டை வந்தது. கடைசியில் பெரியவர்கள் கூடி, அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு உபயம் பிரிப்பதுபோல நினைப்பதற்கும் முறை பிரித்துவிட்டார்கள்: காலையில் மேலத்தெரு, வெயில் ஏறினால் கீழத்தெரு, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள், விளக்கு வைத்தபின் கிறிஸ்தவர் வீடுகள். ஒரு சுவர்த் தகராறில் முகம் கொடுத்துப் பேசாமலிருந்த இரண்டு ஓரகத்திகள் ஒரே நேரத்தில் ஒரே பிள்ளையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்ததில், சுவரே மறந்துபோய், குழம்பு மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். குடித்துவிட்டு வருகிறவன் சுகந்தி வீட்டைக் கடக்கும்போது பாட்டை அடக்கினான். தன்னை ஒருவரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை என்று மருகிக்கொண்டிருந்த ஊருக்கு, நினைக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது. அதைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஸ்டெல்லா மட்டும் முறைக்குப் பெயர் கொடுக்கவில்லை. "நான் நெனைக்கிறதுக்கு வேற ஆள் கீது," என்றுவிட்டாள். அவளுடைய மகள் ஜெனிட்டா மூச்சிழுப்பு வந்து, பேச்சு திருந்துகிற வயசிலேயே போய்விட்டவள். ஸ்டெல்லாவுக்குச் சாப்பிடும்போதோ தண்ணீர் குடிக்கும்போதோ புரையேறினால், அவளே தன் தலையில் தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "அம்மா இங்கதான்டி கீறேன்," என்பாள். சொல்லிவிட்டு மீனை அரிய ஆரம்பித்துவிடுவாள்.

சாம்பிராணியைக் கொண்டுவந்தவள் கன்னியம்மாதான். கூப்பிட்டால் குரல் கொடுக்கிற பிள்ளை சாதாரணப் பிள்ளையாக இருக்குமா? வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு, தூபக்காலில் தணல் போட்டு, சாம்பிராணியைக் கைநிறையத் தூவி மருமகளின் வயிற்றைச் சுற்றிக் காட்டினாள். பிள்ளை இருமு இருமென்று இருமியது. "சாமி சந்தோஷப்படுது!" என்று கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஆளுக்கொரு தூபக்கால் வந்துவிட்டது. புகைக்கு நடுவில் மணையில் உட்கார்ந்திருந்த சுகந்தியின் கண்ணிலிருந்து தாரைதாரையாகத் தண்ணீர் வழிந்தது. அதையும் ஆனந்தக் கண்ணீர் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

"அத்த, பொகை ஒத்துக்கல போலருக்குது," என்றாள் ஒருநாள்.

"வாய்ல அடிச்சுக்கோ. சாமிக்குக் காட்டுற பொகை எந்தப் புள்ளைக்கிடி ஒத்துக்காம போவும்? நாளு கெழமைல இப்டி மூஞ்சத் தூக்கி வெச்சுக்காத. ஊரே உன் வவுத்த நெனைக்குது, உனக்கு இன்னா கொறை?"

அதுதானே? என்ன குறை? ஆனால் ஈரத்துண்டை மூக்கின்மேல் போட்டுக்கொண்டு படுத்தால் பிள்ளை இருமுவதில்லை என்பதையும், கடல்காற்று வீசுகிற நாளில் ஊர் என்னதான் முறை வைத்து நினைத்தாலும் அது அசையாமல் தூங்குகிறது என்பதையும், குழம்பில் உப்பு எத்தனை என்று தெரிவதுபோல அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைச் சொன்னால் ஓரகத்திகளின் குழம்பும் போகும், ஏழுமலையின் சிரிப்பும் போகும். அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, கட்டுச்சாதம் பிசைந்து முடித்தபோது, தங்கையைக் கூட்டிப்போக வேன் பிடித்து வந்திருந்த வேடியப்பன் பையைத் தூக்கினான். ஊருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அங்க போனா புள்ளைய யாரு நெனைப்பாங்க?" என்றார் டீக்கடைக்காரர். ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். கன்னியம்மா தூபக்காலோடு வாசலை மறித்து நின்றாள்.

ஸ்டெல்லாதான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "வளகாப்பு முடிச்சு தாய்வூட்டுக்கு அனுப்பறது மொறை. உங்க நெனைப்புக்கு இன்னா பஸ்ஸு டிக்கெட்டா வேணும்? இங்கேர்ந்தே நெனைங்க."

அந்த நியாயம் அவர்களுக்குப் பிடித்துப்போனது. வேன் புறப்பட்டபோது தெருவே கையசைத்து, "விடாம நெனைக்கிறோம்மா!" என்று கத்தியது.

ஆரணி தாண்டியதும் வேடியப்பன் கண்ணாடியை இறக்கினான். நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த நேரம். காற்று ஈரமண் வாசனையோடு உள்ளே வந்து சுகந்தியின் முகத்தில் மோதியது. அவள் வாயைத் திறந்து அதை விழுங்கினாள். வயிற்றுக்குள் பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த வேடியப்பனுக்கே அது கேட்டது. அத்தோடு இருமல் நின்றது.

அண்ணன் வீட்டில் அவள் தூங்கினாள், கோழி கூவுவது கேட்காமல் தூங்கினாள், அண்ணி வந்து எழுப்பினால் திரும்பிப் படுத்துத் தூங்கினாள். பிறகு பசித்தது. அவித்த கடலையை மடியில் கொட்டிக்கொண்டு தோலை உரித்து உரித்துத் தின்றாள். வளைகாப்பு மாலையை ஆடு எட்டி இழுத்துத் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாததுபோல நின்றதைப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்த வாயைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கனம் எங்கே? தேடிப்பார்த்தாள், இல்லை. கிணற்றடியில் உட்கார்ந்திருந்தபோது பிள்ளை உதைத்தது. இந்தத் தடவை தட்டப்பட்டது அவளுடைய கதவுதான். "ஏய் குட்டி," என்றாள் மெதுவாக. "நான்தான்டி. இத்தன நாளா உன்ன நான் கேக்கவே இல்ல, கோச்சுக்காத." அப்புறம் நினைத்தாள். மூக்கு யார் மாதிரி இருக்கும், ரெட்டை ஜடைக்கு முடி காணுமா, முதல் பேச்சு என்னவாயிருக்கும் என்று ஊருக்கே சேர்த்து வைத்து நினைத்தாள். உள்ளே இருமல் இல்லை. நிம்மதியான ஒரு அசைவு மட்டும் இருந்தது.

அங்கே உப்பங்கரை அரண்டுபோயிருந்தது. "இருமுச்சா?" என்று போன் வரும். "இல்லயே, நல்லா இருக்குது" என்பாள். மேலத்தெரு கூடுதல் நேரம் நினைத்தது, கீழத்தெரு சீரியலை விட்டுவிட்டு நினைத்தது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கண்ணை மூடி நினைக்கச் சொன்னார்கள். ஒரு இருமலும் இல்லை. போளூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, துடிப்பு அருமையாக இருக்கிறது என்றார். அதைச் சொன்னால் ஊர் நம்பவில்லை. ஒருநாள் உச்சிவெயிலில் ஏழுமலையே வந்து நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது.

கடலைக்காட்டு வரப்பில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"ஒரு தபா கூடவா இருமல?" என்றான். "நான் சோறு தண்ணி இல்லாம நெனைக்கிறேன் சுகந்தி. பெல்ட்டுல கை மாட்டிக்கப் பார்த்துச்சு, அப்பிடி நெனைக்கிறேன்."

அவள் அவனுடைய கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே பிள்ளை உருண்டது. அவளுக்கிருந்த சந்தோஷத்தில், அதில் கொஞ்சம் அவனுக்கும் கொடுத்துவிடலாம் என்று, சொல்லிவிட்டாள்.

"மாமா, அது பொறை இல்ல. பொகை. அந்தப் பொகையும் சாம்பலும் அதுக்கு ஒத்துக்கல. இங்க காத்து நல்லாருக்குது, அதான் சும்மா தூங்குது. எனக்கும்தான் மாமா. உள்ள ஒண்ணு கனமா கெடந்துச்சு, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம கெடந்துச்சு. அதுவும் போய்டுச்சு. பெத்துப் பொழைச்சு வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டுமா?"

ஏழுமலை வயிற்றிலிருந்து கையை எடுத்தான். தன் கை நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கரி அவற்றின் ஓரத்தில் இருந்தது.

"அந்தக் கரிய வாரி வாரிப் போடறதே நான்தானே," என்றான். "அப்ப நான் நெனைச்சது எதுவும் அதுக்குப் போயி சேரல. போய்ச் சேந்தது நான் வாரிப்போட்ட கரிதான். என் புள்ளைய இரும வெச்சவன் நான்தான்னு சொல்றியா?"

சொல்லும்போது அவனுடைய உதடு கோணிக்கொண்டது. அடிபட்ட பிள்ளையின் முகம்போல ஆகிவிட்டது அது. சுகந்தி அதைப் பார்த்தாள். கடலைக்காட்டைப் பார்த்தாள். மறுபடி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல மாமா," என்றாள். "சும்மா ஏதோ தோணுச்சு, சொன்னேன். தூரமா இருக்கறதால நெனைப்பு வந்து சேர நேரமாவுது போல. வாங்க, நம்ம ஊட்டுக்குப் போலாம்."

வேடியப்பன் குதித்தான். "ஏழுல வந்த பொண்ண பெறாம அனுப்புறது எந்த ஊரு வழக்கம் மாப்ள? பாப்பா, நீயாவது சொல்லு!" அவள் தலையைக் குனிந்துகொண்டு பையில் துணியை மடித்து வைத்தாள். அண்ணி அவித்த கடலையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். பிரியம் என்பது சில சமயம் இப்படித்தான் ஒருத்தியைக் கையைப் பிடித்துக் குழிக்கு அழைத்துப் போகிறது, யாரை நோவது?

பஸ் உப்பங்கரை வளைவில் திரும்பியபோது மூன்று புகைபோக்கிகளும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தெரிந்தன. காற்று அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. பிள்ளை இருமியது. ஏழுமலை பஸ்ஸென்றும் பாராமல் அழுதுகொண்டே சிரித்தான், போனை எடுத்து, "இருமிடுச்சும்மா, இருமிடுச்சு!" என்று கத்தினான். சுகந்திக்குள் அந்தக் கனம் தனக்குப் பழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்தது. கடலைப் பொட்டலத்தை அவள் பிரிக்கவே இல்லை.

அன்றைக்குத் தெருவில் எரிந்த சாம்பிராணியில் எதிர்வீடு தெரியவில்லை.

அதற்குப் பிறகு இருமல் மாறியது. வறட்டு இருமலாக இருந்தது ஆழமாகப் போனது, கிழவர்கள் இருமுவதுபோல இருமி இருமி ஓய்ந்தது, ஓய்ந்த இடைவெளி நீண்டது. ஊர் அதை வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டது. பிள்ளை குரல் கட்டுகிறது என்றார்கள். கிணற்றடியில் பேசியதுபோல அதோடு பேச வேண்டுமென்று சுகந்தி தினமும் நினைப்பாள். ஏய் குட்டி என்று தொடங்குவாள், அதற்கு மேல் வார்த்தை எழும்பாது. ஆசை எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அது போளூர்ப் பக்கம், கடலைக்காட்டில், அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

பிறகு ஒருநாள் சின்னவனும் நடுவுலவனும் பெரியவனும் சேர்ந்து ஊதிய காலையில் பிள்ளை இருமவில்லை. மேலத்தெரு நினைத்தது. கீழத்தெரு நினைத்தது. ஏழுமலை வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். கன்னியம்மா தூபக்காலை எடுத்துவந்து வயிற்றைச் சுற்றிக் காட்டினாள், இன்னொரு கை சாம்பிராணியைத் தூவினாள், காதை வைத்துக் கேட்டாள். அப்புறம் தூபக்காலைத் தெருவுக்குக் கொண்டுபோய், ஒரு சொம்புத் தண்ணீரைத் தணலில் ஊற்றினாள். தன் கையாலேயே ஊற்றினாள்.

பெண் குழந்தை. தலைநிறைய முடி, ரெட்டை ஜடைக்குக் காணும். மூச்சு மட்டும் இல்லை. இன்னதால் இப்படி என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை, சில சமயம் இப்படியும் ஆகிவிடும் என்றார்கள். ஏழுமலை அதைத் துணியோடு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, அதன் உச்சந்தலையில் மெதுவாகத் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான். நர்ஸம்மா வந்து கையைப் பிடித்து நிறுத்தினார்.

உப்பங்கரை யாரையும் குற்றம் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் தூபக்காலைக் கழுவி, பரணில் கவிழ்த்து வைத்தார்கள். முறை வைத்து நினைத்துப் பழகிய ஊருக்கு அந்தந்த நேரம் வந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசலில் வந்து சும்மா நின்றுவிட்டு உள்ளே போனார்கள். குழம்பு மட்டும் மாறிக்கொண்டிருந்தது. ஏழுமலை வேலைக்குப் போனான். வேறு எங்கே போவான்? ஆனால் கரி படிந்த வேலைத்துணியோடு வீட்டுக்குள் வருவதை விட்டுவிட்டான். தெருமுனைத் தொட்டியிலேயே நின்று, நகத்தைத் தேங்காய்நாரால் தோல் சிவக்கத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் படியேறுவான். வரப்பில் அவள் சொன்னதைப் பற்றி அவன் ஒருநாளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரிந்த ஒன்று அந்த வீட்டில் அவர்களோடு சாப்பிட்டது, அவர்களோடு தூங்கியது.

சுகந்தியைக் கட்டியழுதுவிட்டு எல்லாரும் பயந்ததுபோல அவள் விழுந்துவிடவில்லை. தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு நின்றாள். அப்படி ஒரு காலையில், குடத்தை வைத்துவிட்டு ஒரு கை தண்ணீர் ஏந்திக் குடித்தபோது அவளுக்குப் புரையேறியது. இருமினாள். வறண்டு, சின்னதாக, இரண்டு இருமல்.

வரிசை அப்படியே நின்றுவிட்டது. லாரி டிரைவர் பாட்டை நிறுத்தினார். பழக்கத்தில் தூக்கிய ஸ்டெல்லாவின் கை பாதியில் நின்றது. இத்தனை வருஷமாக ஒருத்தரும் யோசிக்காமல் சொல்லிவந்த வார்த்தையை அன்றைக்கு அவளிடம் சொல்ல ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

காற்று அந்த மூன்று பேர் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. குடத்துத் தண்ணீரின் மேலே சாம்பல் மெல்லிசாகப் படிந்திருந்தது. அது புகை என்று சுகந்திக்குத் தெரியும். அந்தத் தெருவில் மற்ற எல்லாரையும்விட அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அவள் ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்து காட்டினாள்.

"தட்டுக்கா," என்றாள்.

ஸ்டெல்லா தட்டினாள். சுகந்தி யாரையும் பார்க்காமல், இருமலுக்கு நடுவில் சொன்னாள்:

"அம்மா இங்கதான்டி இருக்கேன்."